வெயிலோடு வீடு வந்தவர்

அன்றைக்கு என் கணவர் வீடு திரும்பியபோது வெயில் இருந்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். கல்யாணமாகிப் புனே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேலை நாளில், வெளிச்சத்தில், அவர் எங்கள் கட்டடத்துக்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை. சாகண் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு கிளம்புவார். திரும்பும்போது எதிர்வீட்டில் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கவிழ்க்கும் சத்தம் கேட்கும்.

கோடை முடிகிற சமயம். பால்கனியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கேட்டருகே ஆட்டோ நின்றது. இறங்கியவரின் வழுக்கையில் வெயில் பட்டுப் பளபளத்தது. யாரோ இவரைப் போலவே இருக்கிறாரே என்றுதான் முதலில் தோன்றியது. வாட்ச்மேன்கூட நாற்காலியை விட்டு எழுந்து ஒரு தரம் உற்றுப் பார்த்தார்.

கதவைத் திறந்ததும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை.

"என்னங்க, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"வேலைல ஏதாச்சும்..."

"வேலையெல்லாம் இருக்குது. ஒரு டீ போடு. சொல்றேன்."

டீயை அடுப்பில் வைத்தேன். எதிர்வீட்டு அல்கா வைனி, வைனி என்றால் மராத்தியில் அண்ணி, வங்கியிலிருந்து அப்போதுதான் வந்தார். திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்து, "பாவோஜிக்கு உடம்பு சரிதானே?" என்று என் கணவரைப் பற்றிக் கவலையோடு கேட்டுவிட்டுப் போனார். மைத்துனரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். பாதி தம்ளர் காலியானதும் சொன்னார்:

"புது பிளான்ட்டுக்கு நா போகலீன்னு சொல்லிப்போட்டேன்."

ஒரு வார்த்தை கேட்காமல்

என் கணவர் செல்வராஜ் கோபிசெட்டிபாளையத்துக்காரர். சாகணில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் உற்பத்தி மேலாளர். வேறு மாநிலத்தில் அவர்கள் தொடங்கும் புது ஆலைக்கு இவரைத்தான் தலைவராக அனுப்புவார்கள் என்று சில மாதங்களாகவே பேச்சு. சம்பளம் எங்கேயோ போய்விடும். இவர் மட்டும் அங்கே இருந்துகொண்டு மாதத்துக்கு இரண்டு தடவை வந்து போவதாக ஏற்பாடு.

வராத அந்தச் சம்பளத்தை நான் மனசுக்குள் ஏற்கெனவே செலவழித்து முடித்திருந்தேன். ராவேத் பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் புதுக் கட்டடங்களில் மூன்று படுக்கையறை வீடு ஒன்றைப் போய்ப் பார்த்தும் வந்தாயிற்று. அந்த மூன்றாவது அறை எனக்கு. ஜன்னலோரம் ஒரு மேசை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதலாம்.

நிக்டியில் எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்று எங்களுடையது. இன்னொன்று மகள் யாழினியுடையது. நாக்பூரில் கட்டடக்கலை படிக்கப் போன பிறகும் அந்த அறை முழுக்க அவள் அட்டையில் செய்த வீடுகளும் பாலங்களும்தான். "அம்மா, எதையும் தொடாதே" என்பது போனில் அவள் வாராவாரம் போடும் உத்தரவு. நான் எழுதுவது ஹாலில், சாப்பாட்டு மேசையில், குக்கருக்குக் காது கொடுத்துக்கொண்டு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"யாழினிய ஹாஸ்டல்ல விட்டோமே, அன்னைக்கு வார்டன் கேட்டாங்க. புள்ளைக்கு எது சாப்பிட்டா ஒத்துக்காதுன்னு. என்னைப் பார்த்துத்தான் கேட்டாங்க. நா உன் மூஞ்சியப் பார்த்தேன்."

எனக்கு அது நினைவே இல்லை. நான் பாட்டுக்குக் கத்தரிக்காய் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன்.

"அன்னைல இருந்து அது உறுத்திட்டே இருக்குது. இப்ப புது பிளான்ட்டுன்னு போனா இன்னொரு அஞ்சாறு வருஷம். அப்புறம் ரிட்டயர்மென்ட். சின்ச்வடுல ட்ரெயினிங் சென்டர்ல ஆள் கேட்டாங்க. புதுசா வர்ற பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கற வேலை. இதே சம்பளம். நாலு மணிக்கு முடிஞ்சிரும். சரின்னுட்டேன்."

"கேக்காமயே?"

"நீதான எழுதியிருந்த. 'வீட்டில் எல்லோரும் ஒன்றாக விழித்திருக்கும் நேரம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்'னு."

இத்தனை வருஷத்தில் நான் எழுதியதைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை. பத்திரிகை வந்தால் புரட்டக்கூட மாட்டார்.

"அதை எப்பப் படிச்சீங்க?"

"போன்லதான். பஸ்ல போக வர வேற என்ன வேலை? எல்லாமே படிச்சிருக்கேன்."

கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று புரியாமல் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். என் மூன்றாவது அறையைக் கெடுத்தது என் கட்டுரையே என்பதுதான் அன்று ஜீரணிக்க முடியாததாக இருந்தது. அந்த அறையைப் பற்றி நானும் அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

ஐந்து வழிகள்

போன வாரம் வெளியான என் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "குடும்பம், பணம், நிம்மதி என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறீர்களே, இதையெல்லாம் எங்கே படித்தீர்கள்?"

எங்கேயும் படிக்கவில்லை. யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது, புது ஊரில் பேச ஆளில்லாமல் எழுத ஆரம்பித்தேன். முதல் கட்டுரை, மராத்திக்காரர்களின் சந்தையில் கையால் சைகை காட்டிக் காய் வாங்கியதைப் பற்றி. அது பிரசுரமானதும் உதவி ஆசிரியர் ஒருவர் போன் செய்து, "அம்மா, மாசச் செலவைச் சமாளிக்க ஐந்து வழிகள் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். எழுதித் தந்தேன். அடுத்து, மாமியாருடன் ஒத்துப்போக ஐந்து வழிகள். பிறகு, நன்றாகத் தூங்க ஐந்து வழிகள். அதை எழுதிய நாட்களில் நான் தூங்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

பிற்பாடு ஆங்கில இணையதளங்களும் கேட்டன. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு, கணவனும் மனைவியும் பணத்தைப் பற்றிச் சண்டையில்லாமல் பேசுவது எப்படி. யாரிடமும் மாதச் சம்பளம் வாங்காத எழுத்து. ஒரு மாதம் மழை, மறு மாதம் வெயில். ஆனால் சுயமாகச் சம்பாதித்ததில் மகளுக்குச் செருப்பு வாங்கிய நாளில், கடைக்காரர் கொடுத்த பையை வீடுவரை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜனங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தால், டீ ஆறிப்போகிற நேரத்தில் உண்மை ஒன்று வந்து விழும். வந்ததை எழுதுவேன். எனக்கு எழுத்து ஓடுவது சாயங்காலம்தான். நாலு மணிக்கு உட்கார்ந்தால் எட்டு மணிவரை எழுந்திருக்க மாட்டேன். யாழினி பள்ளிப் பாடம் எழுதிய காலத்தில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஏற்பட்ட பழக்கம் அது. அவள் போன பிறகு, அந்த நாலு மணி நேரமும் வீட்டின் அமைதியும் முழுக்க என்னுடையதாக இருந்தன.

அந்த நேரத்துக்குத்தான் இப்போது ஒருவர் அழைப்பு மணியை அடிக்கப் போகிறார்.

மஞ்சள் நாடா

மழை தொடங்கியதும் புது வேலையில் சேர்ந்தார். நாலே முக்காலுக்கெல்லாம் வீட்டில் இருப்பார்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. பஜ்ஜி போட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். இரண்டாம் வாரம் எனக்கு ஒரு கட்டுரைக்குக் கெடு வந்தது. மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன்.

"கோமதி, இந்த டப்பாவுல என்ன?"

"வெந்தயங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப இது?"

"அதும் வெந்தயந்தான். பழசு."

"ரெண்டு டப்பா எதுக்கு?"

ஒரு வரி எழுதுவேன். ஒரு டப்பாவுக்குப் பதில் சொல்வேன். அந்தக் கட்டுரை எப்படி முடிந்தது என்று இப்போதும் தெரியாது.

ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்து பார்க்கிறேன், அடுப்படியே மாறிக் கிடக்கிறது. அடிக்கடி எடுப்பது கீழ்த்தட்டில், எப்போதாவது எடுப்பது மேல்தட்டில். டப்பா ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் பெயர்ச் சீட்டு. தரையில், ஆலைகளில் ஒட்டுவார்களே, அந்த மஞ்சள் நாடா. துடைப்பம் நிற்க வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு கட்டம். குப்பைக்கூடைக்கு ஒரு கட்டம். வேலைக்கு வரும் சங்கீதாபாய் கட்டத்துக்கு வெளியே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வைக்கலாமா கூடாதா என்று திகைத்து நின்றாள்.

இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. பெருங்காயத்தைத் தேடித் தேடிக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இது கம்பெனி இல்லீங்க. வீடு," என்றேன். "எனக்கும் வேலை இருக்குது. அந்த மேசைதான் என் ஆபீஸு. புது வீட்டுல ஒரு ரூம் வரும், அங்க உக்காந்து எழுதலாம்னு நெனச்சேன். அதும் போச்சு. இருக்கற மேசையும் போச்சு."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் வெந்தய டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ரூமா? நீ சொல்லவேயில்லையே."

"நீங்களும்தான் கேக்கல."

டப்பாவைத் தட்டில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அங்க ஒரு மிஷின் நின்னாப் போதும், நாலு பக்கமிருந்தும் என்னைத் தேடுவாங்க. இங்க எனக்கு என்ன வேலைன்னே தெரியல கோமதி. சும்மா உக்காந்திருக்கத் தெரியல."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். அடுப்படியை ஒட்டி, துணி துவைக்கவென்று சின்னதாக ஓர் இடம் உண்டு. இந்த ஊரில் டிரை பால்கனி என்பார்கள். அங்கிருந்த வாஷிங் மெஷினைக் குளியலறைக்குள் நகர்த்தி, குழாய் மாற்றி, காலியான இடத்தில் சுவரோடு ஒரு பலகையைப் பொருத்திக்கொண்டிருந்தார். மேலே ஒரு விளக்கு. குக்கிராமத்து ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர் அளவுதான் இருக்கும். ஆனால் கதவு உண்டு.

"சோப்பு வாசம் கொஞ்ச நாளைக்கு இருக்கும்," என்றார்.

இன்றும் இருக்கிறது. இதையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

வானவடியிலிருந்து ஒரு பதில்

எனக்குக் கதவு கிடைத்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, பார்க்காமல். அந்த அமைதி டப்பாக் கேள்விகளைவிட மோசமாக இருந்தது. இதற்காகவா அவ்வளவு பெரிய பதவியை விட்டுவிட்டு வந்தார் என்று எனக்கே பயமாகிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவர்களைப் பற்றி எழுதுவதற்காக வானவடியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ராஜேஸ்வரியம்மா. வேலூர்ப் பக்கம். கணவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். அம்மாவின் பேச்சில் இந்தி கலந்து வரும். அவர்கள் சொன்னதையும் நான் யோசித்ததையும் சேர்த்து, வழக்கம்போல் ஐந்து வழிகள் எழுதியிருந்தேன். கணவருக்கென்று ஓர் அலமாரி ஒதுக்குங்கள் என்பது அதில் ஒன்று.

போனை எடுத்து அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, அன்னைக்கு எழுதினேனே அஞ்சு வழி, அதுல எதுங்க வேலை செஞ்சுது?"

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு.

"ஒண்ணுகூட இல்லமா. பில்குல் இல்ல. ரோஜ் காலைல எந்திரிச்சு கிச்சன் இன்ஸ்பெக்சன் பண்ணிட்டு இருந்தாரு. அப்புறம் கீழ கிரவுண்டுல பசங்க வாலிபால் ஆடறதப் பாத்துட்டு, சொல்லிக்குடுக்கறேன்னு போனாரு. போனவரு போனவருதான். சாப்பிடத்தான் வருவாரு. எனக்கும் மூச்சு வந்துச்சு, அவருக்கும் மூச்சு வந்துச்சு."

"அதை ஏம்மா அன்னைக்குச் சொல்லல?"

"நீ அலமாரியப் பத்தியே கேட்டுட்டு இருந்தியே மா."

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வா என்று ஒருவரைக் கூப்பிட்டால் மட்டும் போதாது. வந்தவருக்கு வெளியே போக ஓர் இடம் வேண்டும். அதை நான் எந்த வழியிலும் எழுதியிருக்கவில்லை.

ஆனால் அந்த இடத்தை எப்படித் தேடிக் கொடுப்பது? நடைப்பயிற்சிக் குழு, யோகா என்று இரண்டு மூன்று சொல்லிப் பார்த்தேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

படிக்கட்டில் ஒரு மேளம்

இடம் அதுவாகவே வந்தது. லிப்ட் பழுதான ஒரு சாயங்காலம், அல்கா வைனி தன் டோல் மேளத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கத் திணறினார்.

வைனிக்கு என் வயசுதான், ஐம்பதை ஒட்டி. பகலில் வங்கியில் பணம் எண்ணுகிறவர். மழைக்காலம் வந்தால் சாயங்காலங்களில் மேளம் அடிக்கப் போய்விடுவார். பிள்ளையார் ஊர்வலத்தில் அடிப்பதற்காக இங்கே பேட்டைக்குப் பேட்டை மேளக் குழு உண்டு. டாக்டர், மாணவி, காய்கறிக்காரர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். டோல் என்பது பெரிய உருளை மேளம். இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் உள்ளங்கையாலும் அடிப்பது. தூக்குவதற்கே தெம்பு வேண்டும்.

இவர் ஓடிப்போய் ஒரு கை கொடுத்தார். கொடுத்த கையோடு, கயிற்றை எப்படி இழுத்து முறுக்கேற்றுகிறார்கள், தோல் மழையில் தளர்ந்தால் என்ன செய்வார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். வைனிக்கு அதெல்லாம் தெரியாது. "எங்கள் மைதானத்துக்கு வாருங்கள் பாவோஜி, தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்" என்றார்.

பால்கனியிலிருந்து பார்த்தேன். வைனியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மடியில் மேளத்தை அணைத்துக்கொண்டு என் கணவர் போய்க்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் யாராவது பார்த்திருந்தால் ஒரு மாதத்துக்குப் பேசியிருப்பார்கள்.

திரும்பி வந்தவரின் சட்டை முழுக்க வியர்வை. முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம்.

"நானும் சேர்ந்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

"எதுல?"

"டோல் அடிக்க."

நான் சிரித்துவிட்டேன். கிண்டலாகச் சிரிக்கவில்லை. ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. கோயில் திருவிழாவில்கூடக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிற மனிதர்! அவர் குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் வைனி வந்து கதவைத் தட்டியபோது, தலைவலி என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த நாளும் தலைவலி. டிவி மறுபடி ஓடத் தொடங்கியது.

நான் டிவியை அணைத்தேன்.

"நா சிரிச்சது தப்புங்க. போங்க. வைனி கீழ நிக்கறாங்க."

"இந்த வயசுல வேண்டாம் புள்ள."

"வைனிக்கு மட்டும் வயசு கொறைச்சலா? நீங்க போனாத்தான் எனக்கு இன்னைக்குக் கட்டுரை முடியும்."

கட்டுரை என்றதும் எழுந்தார். அன்று அவர் வரும்வரை நான் ஒரு வரி எழுதவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின் வரிசை

மேளக் குழு பயிற்சி செய்வது பவனா நதியை ஒட்டிய காலி மைதானத்தில். நிதானமாக வளர்ந்தது அவருடைய ஆசை. முதலில் உள்ளங்கை கொப்பளித்தது. தேங்காயெண்ணெய் தடவி விட்டேன். பிறகு விரல்களுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டார். சொல்லிக்கொடுக்கும் பெண் யாழினியைவிட நாலைந்து வயசு பெரியவளாக இருக்கலாம். "காகா, லேட்! காகா, மறுபடியும் லேட்!" என்று அதட்டுவாளாம். காகா என்றால் சித்தப்பா. ஆலையில் அத்தனை பேரை அதட்டியவர், அவள் அதட்டுவதை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினார். அவர் நடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

போனில் யாழினியிடம் சொன்னபோது, "அப்பாவா? டோலா? மஸ்த்!" என்று கத்தினாள். பிறகு தினமும் அவருக்கே போன் செய்ய ஆரம்பித்தாள். என்னிடம் நலம் விசாரிப்பதோடு சரி. அவரிடம் அரை மணி நேரம். எந்தத் தாளம், எத்தனை பேர், யார் யார் என்று. ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "ஹாஸ்டல்ல இன்னைக்கும் கத்தரிக்காயா? அதான் உனக்கு ஆகாதே," என்று இவர் சொன்னது என் காதில் விழுந்தது. எழுதிக்கொண்டிருந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன்.

ஊர்வலத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. புதியவர்களை அடிக்க வைத்துப் பார்த்தார்கள். இவரைக் கொடி பிடிக்கச் சொல்லிவிட்டார்கள். கை பலமாக விழுகிறது, ஆனால் தாளத்துக்குப் பிந்துகிறது என்பது காரணம்.

வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பதவியை விட்டுவிட்டு வந்த அன்றைக்குக்கூட அந்த முகம் இப்படி வாடவில்லை.

"கொடி புடிக்கறதும் மரியாதைதானுங்க," என்றேன்.

"மரியாதைதான். ஆனா எனக்கு அடிக்கோணும்."

எனக்கு அடிக்கோணும். எனக்கு இது வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் எப்போதும் கம்பெனிக்கு வேண்டியதாகவோ, எங்களுக்கு வேண்டியதாகவோ இருந்தது.

மெத்தையை மடித்து நாற்காலியில் சாய்த்து வைத்தோம். அவர் குச்சியால் அதில் அடிக்க, நான் கையைத் தட்டித் தாளம் சொன்னேன். எனக்கும் தாளம் வராது. பாதி நேரம் இரண்டு பேருமே தாளம் தப்பிச் சிரித்தோம். ஒரு வாரம் எங்கள் சாயங்காலங்கள் இப்படியே போயின. ஓர் ஆங்கிலக் கட்டுரையைக் கெடு தாண்டித்தான் அனுப்பினேன். நிம்மதியான குடும்பத்தைப் பற்றிய கட்டுரை அது.

வாரக் கடைசியில் வைனி போய் அந்தப் பெண்ணிடம் பேசினாராம். இன்னொரு தடவை அடிக்க வைத்துப் பார்த்தாள். இன்னமும் பிந்தத்தான் செய்தது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடைசி வரிசையில் நில்லுங்கள் காகா. அத்தனை டோல் சத்தத்தில் சேர்ந்துபோகும்," என்றாளாம். அதை இவர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

பிள்ளையாரைக் கரைக்கும் நாள். மழை விட்டு, மதிய வெயில் பளீரென்று அடித்தது. சின்ச்வட் தெருவில் கூட்டத்துக்குள் முண்டியடித்து ஒரு கடையின் படியில் ஏறி நின்றுகொண்டேன். முதலில் காவிக் கொடிகள் வந்தன. பிறகு சத்தம் வந்தது. காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. கடையின் கண்ணாடி அதிர்ந்தது.

வெள்ளை ஜிப்பா, காவித் தலைப்பாகை. வரிசை வரிசையாகக் கடந்து போனார்கள். கடைசி வரிசையில், அல்கா வைனிக்குப் பக்கத்தில், அவர். மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் நின்றது. தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. மற்றவர்களின் குச்சி மேலே எழும்போது அவருடையது அப்போதுதான் கீழே இறங்கியது. அதைப் பற்றிய கவலை அந்த முகத்தில் துளியும் இல்லை. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே அடித்தார்.

எப்படியோ படியில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் குச்சி பிடித்த கையைத் தூக்கி ஆட்டினார். அவ்வளவுதான், தாளம் முழுக்க விட்டுப்போனது. என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். வைனி தன் குச்சியால் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். மறுபடி சேர்ந்துகொண்டார்.

என் பக்கத்தில் நின்ற வயதான மராத்தி அம்மாள் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். என் காதருகே குனிந்து கேட்டார்:

"அந்தக் கடைசி ஆள் யார், உனக்குத் தெரிந்தவரா?"

"என் வீட்டுக்காரர்," என்றேன் மராத்தியில்.

மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதில் கை வைத்து மறுபடி என் பக்கம் குனிந்தார்.

நான் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிறாற்போல் கத்திச் சொன்னேன்.